பிடரியில் வைத்த கை

என் முதல் குழந்தை அழுதால் பக்கத்து அறைக்குக் கேட்காது. பிறந்த அன்றே லயத்து மருத்துவச்சி அதைச் சொன்னாள். "கொரலு சன்னமா இருக்கும்மா. பொம்பளப் புள்ளதானே, ஊரக் கூட்டாம இருந்தா நல்லதுதான்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சன்னக் குரல் ஒரு நோயின் அடையாளம் என்று அறிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அவள் எங்களோடு இருந்ததே ஒன்பது மாதம்தான்.

அவளுக்கு என்ன நோய், அதை எங்கள் கைகள் கூட்டினவா என்ற கேள்வி இன்னும் என்னோடு இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்த வரையில் எழுதி வைக்கிறேன்.

என் கணவர் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அவர் கணக்கு எழுதும் தோட்டத்துக் கந்தோருக்குப் பின்னால் எங்களுக்கு இரண்டு அறை வீடு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் அதற்குக் கீழே இருந்தன. நான் பதுளைக் கடைத்தெருவில் வளர்ந்தவள். அப்பாவுக்குப் புடவைக் கடை. பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை தமிழும் ஆங்கிலமும் படித்தேன். எங்கள் வீட்டில் கணவரின் அக்காவும் இருந்தார். பதினெட்டு வயதில் கணவனை இழந்தவர், பிள்ளை இல்லாதவர், தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அண்ணி என்று கூப்பிடுவேன்.

தலைப்பிரசவத்துக்கு நான் தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அந்த மாதம் மழை விடவில்லை. பாதை இரண்டு இடத்தில் சரிந்து வண்டி இறங்க முடியவில்லை. நடந்தாவது போயிருக்கலாமோ என்று பிறகு பலமுறை நினைத்தேன். பதுளையில் பிறந்திருந்தால் ஒரு டாக்டர் அவளைப் பார்த்திருப்பார். பார்த்து என்ன செய்திருப்பார்?

அவள் முதுகில், இடுப்புக்குச் சற்று மேலே, எலுமிச்சம்பழ அளவில் மெத்தென்று ஒரு வீக்கம் இருந்தது. தோல் மூடியிருந்தது. மேலே பூனைமயிர் போல் நாலைந்து மயிர். மருத்துவச்சி விரலால் தொட்டுப் பார்த்து, "கொழுப்புக் கட்டி. வளர வளர அமுங்கிரும்" என்றாள். அண்ணி குளிப்பாட்டும்போது அதன்மேல் விளக்கெண்ணெய் தடவுவார். குழந்தை கால்களை அதிகம் உதைக்கவில்லை. சாது என்றோம்.

பால் குடிக்கும்போதுதான் எனக்கு முதல் பயம் வந்தது. நாலு வாய் உறிஞ்சுவாள், ஐந்தாவதில் புரை ஏறும். பால் மூக்கு வழியாக வரும். மார்பில் எனக்குப் பால் போதவில்லை என்று அண்ணி பசும்பாலைப் பாலாடையில் புகட்டத் தொடங்கினார். மடியில் மல்லாக்கப் போட்டு, தலையைப் பின்னால் சாய்த்து, பாலாடையின் மூக்கை வாயோரத்தில் வைத்து ஊற்றுவார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வளர்ந்தோம். அவள் மட்டும் நீலம் பாரித்துப் போவாள்.

"தலைய நிமித்திப் பிடிச்சுக் கொஞ்சங் கொஞ்சமா குடுக்கலாமா அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொஸ்தகத்துல பால் புகட்டறதும் போட்டிருக்கா?" என்றார் அண்ணி. கோபமில்லை. அவருக்கு என் படிப்பைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். "எந்தப் பக்கம்னு சொல்லு, நானும் எழுத்துக்கூட்டிப் பாக்கறேன்."

நான் பாலாடையைக் கழுவ எடுத்துப் போனேன். எனக்கு வயது பத்தொன்பது. அண்ணி என் கணவரையும் லயத்தில் எத்தனையோ பிள்ளைகளையும் தூக்கியவர். நான் பள்ளிக்கூடத்தில் உடற்கூறு பாடத்தில் மண்டையோட்டுப் படம் வரைந்து, எலும்புகளின் ஆங்கிலப் பெயரை எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவள். அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதத்தில் கழுத்து வலி தொடங்கியது. வலி என்று அவளால் சொல்ல முடியுமா? தூக்கினால் வீறிட வாயைத் திறப்பாள். சத்தம் வராது, முகம் மட்டும் சிவக்கும். இருமினாலும் அழுதாலும் தலையைப் பின்னுக்கு வளைத்து, ஒரு கையைப் பிடரிக்குக் கொண்டு போவாள். தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்த டிஸ்பென்சர் மார்ச்சளி என்று மருந்து கொடுத்தார். மருந்தும் மூக்கு வழியாக வந்தது.

"இதுக்கு மருந்து என்னாத்துக்கு? உரம் விழுந்திருக்கு" என்றார் அண்ணி.

கைக்குழந்தையைத் தூக்கும்போது கழுத்து பிசகி நரம்பு புரண்டுவிட்டால் உரம் விழுந்தது என்பார்கள். அதை எடுக்கத் தெரிந்தவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் மூன்றாம் லயத்தில் ஒருத்தி. கொழுந்துக் கூடையின் கயிறு நெற்றியில் பதிந்து தழும்பாகவே போனவள். கலகலப்பானவள். ஞாயிற்றுக்கிழமை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு இல்லாத நாளில், காலையிலேயே வந்துவிட்டாள்.

"கணக்கப்புள்ள வீட்டு நரம்பும் நம்ம லயத்து நரம்பு மாதிரிதான் புரளுதா? நான் வேற மாதிரியில்ல நெனச்சேன்" என்றாள். அண்ணி சிரித்தார்.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன ஒரு பழஞ்சேலையை நாலாக மடித்தார்கள். குழந்தையை நடுவில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். ஒரு பக்கத்து இரண்டு முனையை ஒருவர், மறுபக்கத்து இரண்டு முனையை ஒருவர் பிடித்துத் தூக்க வேண்டும். பிறகு இந்தப் பக்கம் உயர்த்தி, அந்தப் பக்கம் உயர்த்தி, குழந்தை சேலைக்குள் உருளும்படி மும்முறை செய்ய வேண்டும்.

"பெத்தவ ஒரு பக்கம் பிடிக்கணும்" என்றாள் அவள். "நான் கழுத்த நீவி விடுவேன். உருட்டறது வீட்டுக்காரங்க கையிதான்."

ஒரு பக்கம் நான். மறுபக்கம் அண்ணி.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது ஒரு காரணமும் இருக்கவில்லை. அதனால் சொல்லவில்லை என்று எழுத ஆசை. உண்மையில் மனதில் ஏதோ ஒன்று கூசியது. அவள் தலை, உடம்புக்கு ஒவ்வாமல் பெரிதாகத் தெரிந்த அந்தத் தலை, சேலைக்குள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று என் பக்கத்திலிருந்து பார்க்க முடியவில்லை. முதல் உருட்டலில் அழுதாள். இரண்டாவதில் அழுகை துண்டுபட்டது. மூன்றாவதில் நின்றுவிட்டது. அவிழ்த்துப் பார்த்தபோது கண்ணைத் திறந்து, துவண்டு, அமைதியாகக் கிடந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"பாத்தியா" என்றார் அண்ணி. அவர் கண் கலங்கியிருந்தது. "எப்பிடி அடங்கிருச்சு பாரு என் தங்கம்."

அன்று பகல் முழுதும் அவள் தூங்கினாள். நாங்கள் அதைக் குணம் என்று எடுத்துக்கொண்டோம். உரம் எடுத்தவளுக்கு அண்ணி வெற்றிலையும் வெல்லமும் ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்தார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் கையைப் பிடித்து நன்றியும் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் எல்லாம் திரும்பியது. இம்முறை அழும்போது மூச்சே நின்றது. நான் தோளில் போட்டு முதுகைத் தட்டினால், பத்து எண்ணுவதற்குள் ஒரு விசிலோடு மூச்சு திரும்பும். ஒருநாள் இருபது வரை எண்ணினேன். அன்று கணவரிடம், "பதுளைக்குக் கொண்டு போகணுங்க" என்றேன். அவர் தோட்டத்துத் துரையிடம் கேட்டு ஒருநாள் விடுமுறை வாங்கினார். துரை என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மாட்டு வண்டியில் நாலு மணி நேரம். வண்டி குலுங்கும்போது அவள் தலை குலுங்காமலிருக்க என் வலது உள்ளங்கையைப் பிடரியில் வைத்தேன். ஏன் அங்கே வைத்தேன் என்று தெரியாது. அங்கே கை இருந்தால் அவள் அமைதியாக இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நடுத்தர வயது. அவசரப்படாதவர். முதலில் குழந்தையைத் தொடவே இல்லை. நான் பால் கொடுப்பதைப் பார்த்தார், புரை ஏறுவதைப் பார்த்தார், அழுவதைப் பார்த்தார். பிறகு தலையை மெல்ல முன்னால் குனிய வைத்தார். மூச்சு இழுபட்டது. உடனே நிமிர்த்தினார். சட்டையைக் கழற்றிக் குப்புறத் திருப்பி முதுகைப் பார்த்தவர், வீக்கத்தின்மேல் விரலை வைத்தார்.

"இது எப்ப இருந்து?"

"பொறந்ததுல இருந்துங்க."

"ஒருதருக்கும் காட்டேல்லையோ?"

"கொழுப்புக் கட்டின்னு சொன்னாங்க" என்றார் என் கணவர்.

டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். மேசையிலிருந்து மருந்து ஊற்றும் கண்ணாடிப் புனலை எடுத்தார். கொஞ்சம் பஞ்சை நனைத்துப் புனலின் வாய்க்குள் போட்டார்.

"மண்டையின்ர அடியில இப்பிடி ஒரு துவாரம் இருக்கு. எல்லாருக்கும் இருக்கு. அதுக்குள்ளாலதான் முதுகுத்தண்டு நரம்பு கீழ இறங்குது. மூளை துவாரத்துக்கு மேல இருக்க வேணும்." பஞ்சை விரலால் புனலின் கழுத்துக்குள் அழுத்தினார். "பிள்ளைக்கு மூளையின்ர அடிப்பாகம் இதுக்குள்ள இறங்கி நிக்குது எண்டு நினைக்கிறன். மூச்சு விடுறதும் விழுங்குறதும் அந்த இடத்தின்ர வேலை. அது நெரிபடுது. அழேக்க, இருமேக்க, மேல இருந்து இன்னும் அமத்துது."

புனலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார். அது சொட்டுச் சொட்டாக இறங்கியது.

"முதுகில இருக்கிற கட்டியும் இதோட சேர்ந்ததுதான். முதுகுத்தண்டு சரியா மூடுபடேல்லை. இப்பிடி முதுகு இருக்கிற பிள்ளையளுக்கு மூளையும் கீழ இறங்கியிருக்கும் எண்டு ஜெர்மன்காரர் எழுதியிருக்கினம். நான் புத்தகத்தில படிச்சதுதான். உள்ளுக்கு என்ன இருக்கெண்டு கண்ணால பாக்க வழியில்லை."

பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த மண்டையோட்டுப் படத்தில் அந்தத் துவாரம் இருந்தது. அடியிலிருந்து பார்த்தபடி, நீள்வட்டமாக, அதற்குக் கறுப்பு மை பூசினேன். பெயர் லத்தீனில் 'பெரிய துவாரம்' என்று பொருள்படும். அதைப் பெரிதென்றே மனப்பாடம் செய்திருந்தேன்.

"வெட்டிச் சரிசெய்ய முடியாதுங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"கொழும்புக்குப் போனாலும் அந்த இடத்தில கை வைக்க மாட்டினம்."

கணவர் வெளியே வண்டிக்காரனைப் பார்க்கப் போனபோது நான் கேட்டேன். "உரம் விழுந்திருக்குன்னு சேலையில போட்டு உருட்டினோம் டாக்டர். மூணு தடவ. நான்தான் ஒரு பக்கம் பிடிச்சேன். அதனாலயா இப்பிடி?"

"இது வயித்துக்குள்ளயே வந்தது, தங்கச்சி. பிறக்கேக்கையே இருந்தது" என்றார். கைகளைக் கழுவிக்கொண்டே இருந்தார். துண்டால் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆனா இனி உருட்ட வேண்டாம்."

அந்த இரண்டு வாக்கியங்களையும் வண்டியில் ஏறியதிலிருந்து நான் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வாக்கியம் மட்டும் உண்மையானால் இரண்டாவது எதற்கு? உருட்டுவதால் இனிமேல் கெடுதல் வரும் என்றால், முன்பு உருட்டியபோது வராமலா இருந்திருக்கும்? எதற்கும் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று சொல்லியிருப்பார் என்று ஒருநாள் தோன்றும். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு முதல் வாக்கியத்தைச் சொன்னார் என்று மறுநாள் தோன்றும்.

பாலாடையில் ஊற்றக் கூடாது, கெட்டியான கஞ்சியை விரலில் தொட்டுக் கொடுக்க வேண்டும், உட்கார்த்தியே வைத்திருக்க வேண்டும், கழுத்து முன்னும் பின்னும் மடங்கக் கூடாது, அழவிடக் கூடாது. அவர் சொன்னதெல்லாம் அவ்வளவுதான். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அழாமல் வைத்திருக்கப் பழகிக்கொண்டோம். அதைவிடக் கஷ்டமானது ஒன்று இருந்தது. ஏழாம் மாதத்தில் அவள் சிரிக்கத் தொடங்கினாள். என் கணவர் கந்தோரிலிருந்து வந்ததும் வாசலில் நின்று நாக்கால் மாட்டுக்காரன் போல் ஒரு சத்தம் செய்வார். அவள் வாயைத் திறந்து, உடம்பெல்லாம் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பிலும் மூச்சு நின்றது. இரண்டு முறை நின்ற பிறகு அவர் அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் பின்பக்கமாக வருவார். குழந்தையைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது என்றால் யார் நம்புவார்கள்? அவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்ப்பாள். நாங்கள் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொள்வோம்.

அண்ணிக்கு டாக்டர் சொன்னதை நான் விளக்கினேன், உருட்டுவதைப் பற்றிச் சொன்னதைத் தவிர. புனல் எங்கள் வீட்டில் இல்லை. எண்ணெய் ஊற்றும் தகரக் குழாயில் துணியைத் திணித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். கடைசியில், "சரிதான். ஆனா கொழாயில அடைச்சத ஒரு ஒலுக்கு ஒலுக்கினா விழுந்துருமில்ல?" என்றார்.

ஒன்பதாம் மாதம் ஒரு நடுப்பகல். மலைநீர் கொட்டும் பீலியில் துணி அலசிவிட்டு வந்தேன். கூடத்தில் பழஞ்சேலை விரித்திருந்தது. உரம் எடுப்பவள் சுவரோரம் குந்தியிருந்தாள். அண்ணியின் மடியில் குழந்தை.

"வேணாம் அண்ணி."

"போன தடவ அடங்கினது ஒனக்கே தெரியும்."

"வேணாம்."

"நாளுக்கு நாள் புள்ள தேஞ்சு போகுது. சும்மா கைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்லுறியா? டாக்டர் மருந்து குடுத்தாரா? இல்ல. ஊசி போட்டாரா? இல்ல. வெறுங்கையோட அனுப்பி வச்சாரு. ஒரு கொழாயக் காட்டினாராம், இவ கேட்டுட்டு வந்துட்டா."

"என் புள்ளைய உருட்ட விடமாட்டேன்."

அந்த வீட்டில் நான் என் பிள்ளை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். உரம் எடுப்பவள் எழுந்து சேலையை மடித்தாள்.

"பெத்தவ வேணாங்கறப்ப நான் கைய வைக்க மாட்டேங்க" என்று அண்ணியிடம் சொன்னாள். போகும்போது என்னிடம், "கோவிச்சுக்காதீங்கம்மா. கூப்பிட்டாங்க, வந்தேன்" என்றாள்.

அதன்பிறகு நாலு நாள் அண்ணி என்னோடு பேசவில்லை. சமைத்தார், எனக்குத் தட்டில் போட்டு வைத்தார், குழந்தைக்குக் கஞ்சியைக் கெட்டியாகவே காய்ச்சினார். நான் சொன்ன அளவில்தான் காய்ச்சினார்.

ஐந்தாம் நாள் காலை, வெயில் அபூர்வமாக அடித்தது. கஞ்சி கொடுத்து முடித்து, தோளில் சாய்த்து, பிடரியில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். புரை ஏறவில்லை. அழவில்லை. அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது, பிறகு படவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். பத்து, இருபது, நாற்பது. முதுகைத் தட்டினேன். அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்து அவளை என் கையிலிருந்து வாங்கினார்.

அன்று பிற்பகலே தோட்டத்துச் சுடுகாட்டின் ஓரம், ஓடைக்கு மேலே புதைத்தார்கள். கைக்குழந்தையை எரிப்பதில்லை. பெண்கள் போவதில்லை. நான் அவள் துணிகளை மடித்தேன். என் வலது கை அன்றும், பிறகு பல நாட்களும், எதையோ பிடித்திருப்பது போல் வளைந்தே இருந்தது. அரிசி களையும்போதுதான் கவனிப்பேன்.

உருட்டியதால் போனாளா, உருட்டாததால் போனாளா? லயத்தில் இரண்டாவதைத்தான் பேசினார்கள். பீலிக்குப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். படித்த பெண் பிடிவாதம் பிடித்தாள் என்பது எனக்குக் கேட்காமலே கேட்டது. நான் மனதுக்குள் முதலாவதை வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை.

அண்ணி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. என்மேல் பழியைப் போடுவார் என்று ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன். அவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். இளைத்துக்கொண்டே வந்தார். ஒரு மாதம் கழிந்திருக்கும். முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அந்த டாக்டர் என்ன சொன்னாருன்னு இன்னொரு தடவ சொல்லேன்."

"மூளையோட அடிப்பாகம் கீழ எறங்கி..."

"அது தெரியும். நாம உருட்டினதப் பத்திக் கேட்டியா?"

"கேட்டேன்."

உளுந்தில் அவர் விரல் நின்றது. கல்லைப் பொறுக்கப் போன விரல் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஒரு மாதமும் அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தது என்மேலிருந்த கோபத்தால் அல்ல. சேலையின் மறுபக்கத்தைப் பிடித்தவர் அவர்.

"வயித்துக்குள்ளயே வந்ததுன்னாரு அண்ணி. பொறக்கும்போதே இருந்துச்சாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல அண்ணி."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு, "உளுந்துல பாதி கல்லு. எடுத்து ஜன்னல் பக்கம் வையி, எனக்குக் கண்ணு தெரியல" என்றார். நான் முறத்தை ஜன்னலடிக்கு நகர்த்தினேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பொறுக்கினோம்.